சுகந்தினியின் வயிற்றில் வைத்த உப்பு

எனது பெயர் பொன்னுத்துரை இராஜகுமாரி. வயது நாற்பத்தொன்று. மாவனல்லைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவில் குடியிருக்கிறேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் றப்பர் பால் உறைய வைக்கும் தொட்டியில் வேலை. இறந்த சுகந்தினி என் கூடப்பிறந்த தங்கச்சி. அவளுக்கு நஞ்சு கொடுத்ததாக பொலிஸில் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் இந்திரகுமார் அவளுடைய புருஷன். அவர் மேல் முதலில் பழி போட்டது நான்தான். அவர் நஞ்சு கொடுக்கவில்லை என்று சொல்லவே இன்று வந்தேன்.

சென்ற வாரம் சுகந்தினிக்குக் காய்ச்சல் கண்டது. கண் மஞ்சளித்து, பேச்சும் நின்றது. மண் சரிந்து பாதை அடைபட்டதால் லொறி வரவில்லை, டிஸ்பென்சரி ஐயாவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அடுத்த காம்பிராவில் இருக்கும் சின்னம்மா, பிணம் குளிப்பாட்டுபவர், மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்து, "போயிட்டாடி புள்ள" என்றார். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மழையில் குழி வெட்ட முடியாததால் மறுநாள் அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள். அப்படித் தாமதமானால், வயிறு ஊதாமல் இருக்க எங்கள் லயத்தில் ஒரு தட்டு உப்பை வயிற்றின் மேல் வைப்போம். கெட்டது அண்டாமல் இருக்க எலுமிச்சம்பழம் அறுத்து அதன்மேல் கவிழ்ப்போம். அதற்காக நான் என் வீட்டுக்கு ஓடி, அடுப்படியில் கைக்கு அகப்பட்ட டின்னை எடுத்து வந்து தட்டில் கொட்டி, பழத்தையும் பிழிந்து கவிழ்த்தேன். மார்பில் செவ்வரத்தம்பூ பரப்பினோம். சாரல் அடித்ததால் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு எல்லோரும் வெளித் திண்ணை இஸ்தோப்புக்குப் போனார்கள். நான் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பின் இருமல் கேட்டது. அதற்குப் பிறகு தீக்குச்சி எரிந்த மாதிரி ஒரு வாடை வந்து, எனக்குத் தொண்டை எரிந்து கண்ணீர் கொட்டியது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் இருமினார்கள். "ஐயையோ, செத்தவ கழுத்த நெரிக்கிறாளே!" என்று சின்னம்மா கத்தினார். அப்போதுதான் பூக்களைப் பார்த்தோம். சிவப்பு போய், சலவை செய்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தன. "நஞ்சு குடிச்ச ஒடம்புடி இது" என்றார் சின்னம்மா. எனக்கு வெறி பிடித்தது. "பாவி, நீதான்டா என் தங்கச்சியக் கொன்ன!" என்று இந்திரகுமாரின் சட்டையைப் பிடித்தேன். "அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்று மட்டும் சொன்னார். பொடியன்கள் அவரை அடித்ததில் முகம் கிழிந்தது. எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மழையோடு மழையாக அன்று மாலையே பெட்டியில் ஆணி அடித்துப் புதைத்துவிட்டார்கள். பாதை திறந்ததும் நீங்கள் வந்து அவரைக் கொண்டுபோனீர்கள்.

அதன் பின் நேற்று வேலைக்குப் போனேன். "அந்த உப்பு மூட்டைய அசிட் பக்கத்துல வைக்காதீங்கன்னு எத்தன தரம் சொல்றது! புளிப்பு பட்டா காத்தாக் கெளம்பி நெஞ்ச அடச்சிடும்" என்று எங்கள் மேற்பார்வையாளர் புவாட் பாஸ் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அங்கே அதே வாடை வந்தது, தீக்குச்சி எரிந்த வாடை. றப்பர் வெள்ளையாக வர பாலில் கலக்கும் உப்பு அது. பார்வைக்குக் கறியுப்பு மாதிரியே இருக்கும். ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும், வெறுங்கையால் அள்ளக் கூடாது, காற்றோட்டம் உள்ள இடத்தில்தான் திறக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்கள் வெள்ளைச் சேலை வெளுக்க அதில் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுபோவோம். நானும் கொண்டுபோய் அடுப்படியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். கறியுப்பு டின் நிறைய இருந்தது. மற்ற டின்னில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அதில் எலுமிச்சை பிழிந்து, செவ்வரத்தம்பூ ஒன்றைப் போட்டு மூடி வைத்தேன். அந்தப் பூவும் வெளுத்தது. டின்னையும் பூவையும் உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். இந்திரகுமாரை விட்டுவிடுங்கள், ஐயா.

நாளை குழியைத் தோண்டிச் சோதிப்பதாகச் சொன்னீர்கள். அதனால் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் இருமல் கேட்டபோது அந்தக் காம்பிராவில் அவளும் நானும்தான் இருந்தோம். நான் இருமவில்லை. பயத்தில் கையை விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்ததும் மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள், ஐயா.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அத்தனையும் உண்மை. யாரும் வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) பொ. இராஜகுமாரி
1997 ஜூன், மாவனல்லை