பத்தியம்

எனக்குத் தண்ணீர் வேண்டாம், சார். கொச்சி மட்டாஞ்சேரியில் இத்தனை காலம் இருந்து சாயாவே பழகிவிட்டது. அதையும் பிறகு குடிக்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கங்கா என் தங்கை. அம்மா போன பிறகு என் வீட்டில்தான் வளர்ந்தாள். யுத்த காலத்தில் வெலிங்டன் தீவு முழுக்கக் கடற்படைக்காரர்கள். அவர்களில் விஸ்வேஸ்வரன் என்ற பாலக்காட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். நம் சமையலுக்காக வருகிறான் என்று நினைத்தேன். அவன் கப்பலேறிப் போன பிறகுதான் கங்கா முழுகாமல் இருப்பது தெரிந்தது. "கோவில்ல வச்சுத் தாலி கட்டினார், அக்கா" என்று மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். சில வாரங்களில் அந்தக் கப்பல் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

எனக்குக் குழந்தை இல்லை. புக்ககத்தில் என் கணவர் வெங்கிட்டுவுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தினமும் பயத்தோடுதான் கண் விழிப்பேன். அதனால் கங்காவைப் பின்கட்டு அறையில் வைத்துவிட்டு, வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு நான் வெளியே நடமாடினேன். வெங்கிட்டுவுக்கும் அதில் சம்மதம். மருத்துவச்சி மாடத்தியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பெண் பிறந்தது. ஜெயலக்ஷ்மி என்று நான்தான் பெயர் வைத்தேன்.

அந்த வாரமே ஒரு கடற்படைக்காரர் வாசலில் வந்து நின்றார். விஸ்வேஸ்வரன் பிழைத்துக் கொழும்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், சீக்கிரம் வந்து கங்காவைக் கூட்டிக்கொண்டு போவானாம். பின்கட்டு வரை அது கேட்டுவிட்டது.

"அவர் வந்தா குழந்தையெ எடுத்துண்டு போயிடுவேன், அக்கா. நீ சங்கடப்படப்படாது" என்றாள் கங்கா. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவளுக்கு ஜுரம் கண்டது. ஜுரத்தை நான் வரவழைக்கவில்லை. வெங்கிட்டு டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்த மருந்தைச் சாக்கடையில் கொட்டினேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று எல்லா வீட்டிலும் பத்தியம் உண்டு. நான் அதில் சற்றுக் கண்டிப்பாக இருந்தேன். "ஒரு வாய் தா, அக்கா" என்றாள். ஒருமுறை உள்ளே போனபோது, குழந்தையைத் துடைத்த ஈரத்துணியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அதை வாங்கிக் கொடியில் காயப்போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். மறுநாள் அவள் எதுவும் கேட்கவில்லை.

விஸ்வேஸ்வரன் வந்தபோது, விஷஜுரத்தில் போய்விட்டாள் என்றேன். குழந்தை பிறந்தது அவனுக்குத் தெரியாது. வெகுநேரம் அழுதான். எழுந்து போகும்போது என் மடியில் கிடந்த ஜெயாவின் கன்னத்தைத் தொட்டு, "அவ ஜாடை இருக்கு, மாமி" என்றான். அதற்குப் பிறகு இருபது வருடம், வாசலில் யார் குரல் கேட்டாலும் ஜெயாவை உள்ளே இழுத்துக்கொண்டு விடுவேன்.

வெங்கிட்டு காலமானார். ஜெயாவைப் பக்கத்து ஊரான ஏலூரில் வேலை பார்க்கும் பையனுக்குக் கொடுத்தேன். தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள். ஆண் குழந்தை. குளிப்பாட்ட வந்த மாடத்திக்கு இப்போது தள்ளாத வயது, வாயும் நிற்பதில்லை. எண்ணெய் தேய்க்கும்போது, "ஒங்கம்மா கங்காவும் இப்படித்தான் தாயி, வலிய வெளிய காட்டமாட்டா" என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் ஜெயா என்னைக் கூப்பிட்டாள்.

"கங்கா எப்படிச் செத்தா?"

"ஜுரம்."

"தண்ணி தண்ணின்னு கத்தினது சந்து வரைக்கும் கேட்டுதாம். அன்னிக்குச் சொல்லப் பயந்துட்டேன்னு மாடத்தி அழறா."

குழந்தையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள். "அவர் வந்ததும் ஏலூர் போயிடறேன். எங்கப்பாவைத் தேடணும்."

நான் கிட்டே போனேன், பின்னால் நகர்ந்தாள். என்னைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது? நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. ஜுரக்காரியை எப்படிப் பயணம் அனுப்புவது? மருந்தையும் தண்ணீர்க் கூஜாவையும் எடுத்து வெளியே வைத்தேன். அவள் கண் அசந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினேன். மாப்பிள்ளை வந்தான். தொற்று ஜுரம், ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றேன். நம்பிப் போய்விட்டான். உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கூடத்தில் குழந்தையைத் தாலாட்டிக்கொண்டிருந்தேன்.

மாடத்திதான் பக்கத்து மிளகுக் கிடங்கு ஆட்களைக் கூட்டிவந்து கதவை உடைக்க வைத்தாள். ஜெயா உயிரோடிருந்தாள், பேச்சு வரவில்லை. நான் கிட்டே போனதும் தரையில் தவழ்ந்தே மூலைக்குப் போய்விட்டாள். ஜுர வேகத்தில் ஆள் தெரியவில்லை போலிருக்கிறது.

கங்காவைக் கொன்றது நான்தான். கதவை உடைக்காமல் இருந்திருந்தால் ஜெயாவும் போயிருப்பாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை ஆஸ்பத்திரியில் தனியாகப் போட்டிருக்கிறீர்களே, அது நியாயமில்லை. என்னை அங்கே கொண்டுபோய் விடுங்கள், சார். பச்சை உடம்புக்காரி. பக்கத்தில் அம்மா இல்லாவிட்டால் பயந்துபோவாள்.