ஐம்பத்துமூன்றாவது சனிக்கிழமை

— இந்தத் தொப்பி இங்க எப்படி வந்துச்சு, வெர்லின்?

— காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க மிஸ் தெல்மா. கட்டிலுக்கு அடியில மணல் கிடக்கு, பெருக்கிடுறேன்.

— மணல் எங்கயும் ஓடிப்போகாது. தொப்பி எப்படி வந்துச்சுன்னு கேட்டேன்.

— தொப்பிதானே. இந்தக் கரையில பாதிப் பேரு தலையில இதே ஓலைத் தொப்பிதான். சந்தையில அடுக்கி வச்சு விக்கிறாங்க.

— விளிம்புல சிவப்பு நூல் தையல் இருக்கு பாரு. வெள்ளை நூல் தீர்ந்துபோய் நான் போட்ட தையல் அது. உன் சந்தையில அதையும் விக்கிறாங்களா?

— அப்ப உங்க வீட்டுக்காரரு மிஸ்டர் எர்ரோல் எப்பவோ மறந்து விட்டுட்டுப் போயிருப்பாரு.

— ஆறு வருஷத்துக்கு முன்னாடி காத்து அடிச்சுக் கடல்ல விழுந்துருச்சுன்னு என்கிட்ட சொன்னாரு. ரெண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாரு.

— கடல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் மிஸ் தெல்மா. எத்தனை செருப்பு ஒதுங்குது தெரியுமா இங்க.

— துவைச்சுக் காய வச்சு ஆணியில மாட்டியும் வைக்குமா?

— வெயில் எப்படி அடிக்குது பாருங்க. வாங்க, கடல் திராட்சை மரத்தடியில நாற்காலி போட்டுத் தர்றேன். புளிச்சாறுல ஐஸ் போட்டு எடுத்துட்டு வர்றேன். அங்க உக்காந்து ஆற அமரப் பேசலாம்.

— என் வீட்டுலேர்ந்து என்னை எதுக்கு வெளிய அனுப்பப் பாக்கிற?

— இன்னிக்கு இது உங்க வீடு இல்லையே. கதவு திறந்து கிடக்குன்னு நீங்க பாட்டுக்கு வந்து உக்காந்துட்டீங்க. வருஷத்துல எட்டாவது வாரம் மட்டும்தான் உங்களுது, அது அடுத்த சனிக்கிழமை. இன்னிக்கு ஆரம்பிக்கிறது ஏழாவது வாரம்.

— போன வருஷம் வந்த நாள்லேர்ந்து ஐம்பத்திரண்டு வாரம் எண்ணித்தான் டிக்கெட் எடுத்தேன். ரெண்டு தடவை எண்ணினேன்.

— எண்ணினது சரிதான். ஆனா போன வருஷத்துல ஐம்பத்துமூணு சனிக்கிழமை. அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை அப்படி ஒண்ணு கூடி வரும். அப்ப எல்லாரும் ஒரு வாரம் தள்ளி வரணும். அதுக்குத்தானே ஆபீஸ்லேர்ந்து வருஷா வருஷம் தேதிக் காகிதம் அனுப்புறாங்க.

— அந்தக் காகிதத்தை நான் ஒரு நாளும் பாத்ததில்ல. எர்ரோல்தான் வச்சுக்குவாரு. அவரு தேதி சொல்வாரு, நான் பெட்டி கட்டுவேன். இந்த வீட்டுல ஒரு வாரத்தை வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, அப்படியே பழகிட்டேன்.

— சரி, அவரு எங்க? ஆபீஸ்கார ஓஸ்வின்கூடப் பேசிக்கிட்டு நிக்கிறாரா?

— நவம்பர்ல போய்ச் சேந்துட்டாரு, வெர்லின். வாசல்ல இலை கூட்டிக்கிட்டு இருந்தாரு. நான் ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன், அப்படியே துடைப்பத்தோட உக்காந்தாரு. குளிரு, உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். எழுந்திரிக்கல.

— கடவுளே, என் கடவுளே. மிஸ் கொரினுக்கு இதை யாரு சொல்றது.

— யாருக்கு?

— யாருக்கும் இல்ல. துக்கத்துல வாய் என்னென்னமோ உளறுது. உக்காருங்க, தண்ணி கொண்டு வர்றேன்.

— உக்காந்துதான் இருக்கேன். கொரின்னு சொன்ன. இந்த நீலத் தட்டு, இந்த மெத்தை உறை எல்லாம் அவளோடதா?

— ஏழாவது வாரத்துச் சாமான் மிஸ் தெல்மா. உங்களுக்குத் தெரியாததா? வாரத்துக்கு ஒருத்தரா ஒரு வீட்டுக்கு ஐம்பத்திரண்டு சொந்தக்காரங்க. போறப்ப அவங்கவங்க சாமானைப் பின்னாடி அலமாரியில பூட்டிட்டுப் போறாங்க. அவங்க வாரம் வந்தா நான் பூட்டைத் திறந்து, அவங்க வீடு மாதிரியே பரப்பி வைக்கிறேன். உங்களுக்கு மஞ்சள் தட்டும் அந்தக் காது உடைஞ்ச கோப்பையும் எடுத்து வைக்கிறேன்ல, அது மாதிரி.

— அப்ப தொப்பி அவ அலமாரியிலேர்ந்து வந்துச்சு.

— நான் அப்படிச் சொல்லல.

— சொல்லாமச் சொல்லிட்ட. இந்த மெழுகுவத்தியும் அவளோடதா?

— அது கடைச் சரக்கு. கரண்ட் போனா வேணுமேன்னு வாங்கி வச்சேன்.

— கண்ணாடிக் கிண்ணத்துல வச்சு, சுத்தி வெள்ளைப் பூ வச்சா?

— கரண்ட் அடிக்கடி போகுது மிஸ் தெல்மா.

— வெர்லின், உள்ள இருக்கியா? ஓஸ்வின்தான். ரெண்டு மணிப் படகு வந்துருச்சு. ஏழாவது வாரத்து அம்மா இறங்கிப் பழக்காரிகிட்ட மாம்பழம் பொறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அவசரமில்ல, மெதுவாப் பண்ணு. கடல் எங்க போகப்போகுது.

— ஓஸ்வின், நீ கதவைத் திறக்காத, தரை ஈரமா இருக்கு. அந்தம்மாவைக் கொஞ்ச நேரம் அங்கயே நிறுத்தி வை. எதையாவது பேசு.

— பேசுறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? கிரிக்கெட்டை ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் அவங்களை நிறுத்தி வைப்பேன். ஆனா அவங்க நம்ம மீன்காரரு வந்துட்டாரான்னு கேக்கிறாங்க. என்ன சொல்ல?

— தெரியலன்னு சொல்லு. போ.

— சரி சரி. கடல் எங்க போகப்போகுது.

— மீன்காரரு. அதுதான் இங்க அவரு பேரா?

— ஓஸ்வின் எல்லாருக்கும் ஒரு பேரு வைப்பான். எழுந்திரிங்க மிஸ் தெல்மா, பின்பக்க வாசல் வழியா என் அக்கா வீட்டுக்குப் போயிரலாம். ஒரு வாரம் அங்க தங்கிக்கோங்க. உப்புமீனும் ஈரப்பலாவும் சமைச்சுப் போடுவா.

— வருஷா வருஷம் எனக்கு ஒரு வாரம் முன்னாடியே கிளம்பி வருவாரு. படகுக்கார கெல்வின் வீட்டுல தங்கி மீன் பிடிக்கிறேன்னு. கெல்வின் வீட்டுலதான் தங்கினாரா?

— கெல்வினோட மீன் பிடிச்சாரு. அது நிஜம்.

— தூங்கினது எங்கன்னு கேக்கிறேன்.

— நான் போர்வை மாத்துறவ மிஸ் தெல்மா. போர்வைக்கு எல்லாம் தெரியும். நான் எதையும் வெளிய சொன்னதில்ல. இந்த வாயை மூடி வச்சுத்தான் நாலு பிள்ளையை வளத்தேன்.

— எத்தனை வருஷம்?

— வேணாமே.

— எத்தனை வருஷம், வெர்லின்?

— பதினொண்ணு.

— பதினோரு வருஷமா காலையில அவ போர்வையை உருவி, சாயங்காலம் அதே கட்டில்ல எனக்கு விரிச்சிருக்க.

— துவைச்ச போர்வை. வெயில்ல காய வச்ச போர்வை. அதுக்கு மேல என்னால என்ன செய்ய முடியும் சொல்லுங்க.

— ஒவ்வொரு வருஷமும் நான் வர்ற சனிக்கிழமை படகுத்துறைக்கு வந்து என் பெட்டியை வாங்கிக்குவாரு. கையில மீன் வாடை அடிக்கும். ஒரு வாரமா மனுஷன் தனியாக் கிடந்து, சரியாச் சாப்பிடாம இளைச்சுப் போயிட்டாரேன்னு நினைப்பேன். வந்த அன்னிக்கே சோறு வடிச்சுப் போடுவேன்.

— அவரும் நல்லாத்தான் சாப்பிடுவாரு.

— சிரிப்பு வருது வெர்லின். எனக்கு ஏன் சிரிப்பு வருது?

— சத்தம் கேக்குது. பாதையில வர்றாங்க. ஓஸ்வினுக்குக் கிரிக்கெட் தீர்ந்துபோச்சு போல. கும்பிட்டுக் கேக்கிறேன், எழுந்திரிங்க.

— அந்த நாற்காலியை வாசலைப் பாத்துப் போடு.

— மிஸ் தெல்மா.

— நான் சண்டை போட மாட்டேன். அவரு இருந்திருந்தா போட்டிருப்பேன். அவரு வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டு வர்றாளே, அவளுக்கு யாரும் ஒரு கடிதாசி கூட எழுதல. எழுத ஆள் இல்ல. அவரு போனதை அவளுக்குச் சொல்ல வேண்டியவ நான்தான். நீ முன்னால போய்ச் சொல்லு, எர்ரோலோட பொண்டாட்டி உள்ள உக்காந்திருக்கான்னு.

— அதை மட்டும் சொல்ல முடியாது.

— ஏன்? உன் வேலை போயிருமா?

— வேலை போனாப் போகட்டும். அந்தம்மா கெட்டவங்க இல்ல மிஸ் தெல்மா. இந்த வீட்டுக்குள்ள காலை வச்சதும், கையில இருக்கிற பையைக்கூடக் கீழ வைக்காம, அந்த மெழுகுவத்தியைத்தான் ஏத்துவாங்க. ஏத்தி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிப்பாங்க. மிஸ்டர் எர்ரோலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பாரு.

— யாருக்காக ஏத்துறா?

— உங்களுக்காகத்தான். எர்ரோலோட செத்துப்போன பொண்டாட்டிக்குன்னு சொல்லி, பதினோரு வருஷமா என்கிட்டதான் வாங்கி வைக்கச் சொல்றாங்க.