மாதிரிக்கு வைத்த படம்

— தொண்ணூத்திநாலு! நம்ம கருத்துக்கணிப்புல நூத்துக்குத் தொண்ணூத்திநாலு பேர் 'அந்தக் கொலைகாரனைத் தூக்குல போடு'ங்கறாங்க! வரலாறும்மா, வரலாறு!

— வாயை மூடுங்க சார். பவுடர் உள்ள போகுது.

— போகட்டும்யா! நாளைக்கு ஜட்ஜ் தண்டனை சொல்லப் போறார். இன்னிக்கு நேரலையில நான் மக்கள் மனசைச் சொல்லப் போறேன். அதுக்கப்புறம் எந்த ஜட்ஜுக்கு ஆயுள் தண்டனைன்னு சொல்ல வாய் வரும்? ஏ சின்னவளே, நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?

— மாமா, அந்த நம்பரைச் சொல்லாதீங்க. கால்ல வேணா விழறேன்.

— சொல்லாம? மேக்கப் எதுக்குப் போட்டுக்கறேன், கல்யாணத்துக்கா?

— நம்ம ஆளுங்க வீடு வீடாக் காட்டின அட்டை இருக்கில்ல? 'ரெண்டு பேரைக் கொன்ன இவனுக்குத் தூக்கு வேணுமா'ன்னு கேள்வி. அதுக்கு மேல படம்.

— அந்தப் படம் யார் யோசனை? என் யோசனை! முகத்தைப் பார்த்தாத்தான் ஜனங்களுக்கு ரத்தம் கொதிக்கும்.

— கொதிச்சுது. ஆனா அந்த முகம்... உங்களோடது மாமா.

— என்னது!

— அசைஞ்சீங்க சார். புருவம் நெத்திக்கு ஏறிடுச்சு.

— கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்பல்லாம் அவன் முகத்தை மூடிடறாங்க மாமா. போட்டோ வர நாளாகும்னாங்க. இடம் காலியா இருக்க வேண்டாமேன்னு, கம்ப்யூட்டர்ல இருந்த உங்க படத்தை மாதிரிக்கு வெச்சேன். மாத்தறதுக்குள்ள 'அச்சுக்கு அனுப்பு, அச்சுக்கு அனுப்பு'ன்னு குதிச்சீங்க.

— வீடு வீடாப் போனவங்களுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா?

— எல்லாரும் புதுசாச் சேர்ந்தவங்க. நீங்க ஏசி ரூமை விட்டு வெளிய வந்தாத்தானே உங்களைத் தெரியும்?

— சரி, ஜனங்க? 'இந்த மனுஷனைப் பார்த்தா அப்படித் தெரியலையே'ன்னு ஒருத்தராவது...

— 'திருட்டு முழி'ன்னாராம் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். 'செஞ்சதை நெனச்சு நெனச்சுச் சிரிக்கறான் பாரு'ன்னு ஒரு அம்மா. இன்னொருத்தர், கொலை நடந்த ராத்திரி உங்களைச் சந்துமுனையில பார்த்ததாவே சொல்லிட்டார்.

— நான் சாப்பிட்டதும் படுத்துடற ஆளுய்யா!

— என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? நான் மேக்கப் மட்டும்தான். ஆனா அந்த அம்மா சொன்னதுல தப்பில்ல. சிரிப்பு கொஞ்சம் அப்படித்தான் இருக்கு.

— சும்மா இருய்யா! சின்னவளே, மிச்சம் நூத்துக்கு ஆறு பேர் தூக்கு வேண்டாம்னிருக்காங்களே. நல்ல மனசு படைச்சவங்க!

— அவங்க உங்களைத் தெரிஞ்சவங்க மாமா. நம்ம தெரு. அக்காவும் அதுல ஒருத்தி. அவ போன்ல விழுந்து விழுந்து சிரிச்சப்புறம்தான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது.

— பார்த்தியா, பொண்டாட்டி பொண்டாட்டிதான்! என்ன சொன்னா?

— தூக்குன்னா சட்டுனு முடிஞ்சுடுமாம். ரொம்ப நாள் கெடந்து அனுபவிக்கட்டும்னா.

— ...சரி, விடு. யோசிச்சுப் பார்த்தா, மூஞ்சி யாரோடதா இருந்தா என்ன? கேள்வி தண்டனையைப் பத்தி. நம்பர் நம்பர்தான். சொல்லிடறேன்.

— மாமா! அங்க ஒருத்தன் உயிர் ஊசலாடுது. அவன் நல்லவனோ கெட்டவனோ, இது உங்க மூஞ்சிக்கு விழுந்த ஓட்டு. அதை அவன் கழுத்துல மாட்டறீங்களே!

— யாருக்குத் தெரியப் போகுது? நீ சொல்லுவியா? இவர் சொல்லுவாரா?

— எனக்கு எதுவும் காதுல விழல சார். கண்ணை மூடுங்க.

— அரங்கத்துல இருக்கறவங்களுக்கு இந்த மூஞ்சி தெரியும் மாமா. பதில் சொன்னவங்களையே சேனல்காரங்க வேன் வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஆளாளுக்குக் கையில அந்தப் பட அட்டையைக் கொடுத்து உக்கார வெச்சிருக்காங்க.

— அய்யய்யோ! இரு, இரு... என்ன அது வெளிய சத்தம்?

— நீங்க வரப் போறீங்கன்னு பெரிய திரையில உங்க முகத்தைப் போட்டுட்டாங்க சார். ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்துட்டான்னு கத்தறாங்க.

— பூட்டு! கதவைப் பூட்டு! யோவ், இந்த மேக்கப்பைக் கலை! இல்ல, இன்னும் போடு, ஆளே தெரியாத மாதிரிப் போடு!

— அவ்வளவு பவுடர் என்கிட்ட இல்ல சார்.

— சின்னவளே, மரண தண்டனையே கூடாதும்மா! காட்டுமிராண்டித்தனம்! ஒரு நிரபராதி செத்துட்டா யாரு பதில் சொல்றது? அந்த நம்பரைக் கிழிச்சுப் போடு, இதைத்தான் நேரலையில முழங்கப் போறேன். அதுக்கு நான் உயிரோட அங்க போய்ச் சேரணும்! நீ முன்னாடி ஓடு. படம் மாறிப் போச்சு, நான் அவன் இல்லன்னு சொல்லு!

— அட்டையில இருக்கறது எங்க மாமா, கொலைகாரன் இல்லன்னு அவங்ககிட்ட அப்பவே சொல்லிட்டுத்தான் மாமா உள்ள வந்தேன். 'கொலைகாரன் வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க'ன்னாங்க.