யாருக்கும் புரியாத க்ரீம்

காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறிய இரண்டு மாமிகள், இந்தப் பெங்காலி ஊரில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியத்தில் உரக்கவே பேசினார்கள்.

“அறுபத்தஞ்சு வயசுல எனக்கு ஹார்மோன் க்ரீமாம். உள்ளே தடவிக்கணுமாம்.”

“தடவிண்டியா?”

“தடவிண்டேன். ஒண்ணுக்குப் போனா எரியறது நின்னுது. நிமிஷத்துக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓடறதும் நின்னுது.”

“அப்புறம்?”

“அதான் சரியாயிடுத்தே. க்ரீமை நிறுத்திட்டேன்.”

எதிரே பெங்காலிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, தமிழில் சொன்னாள்: “டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்கோ மாமி. நானும் நிறுத்தினேன். மறுபடி ஓட ஆரம்பிச்சுட்டேன்.”

மாமி மெதுவாகப் பெட்டியைச் சுற்றிலும் பார்த்தாள். நானும் இன்னும் மூன்று பேரும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். வெளியே சுரங்கத்தின் சுவர்தான் ஓடிக்கொண்டிருந்தது.