கணக்கு ஓட ஒரு நேரம்

தொண்ணூறுகளின் கடைசி. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பஸ். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூன்று செங்கல் சூளைகளைச் சொந்தமாக எழுப்பியவன் நான். யார் எதைப் பேசினாலும் எனக்கு விளங்கிவிடும். முன் சீட்டில் டி.டி.பி. கடை நடத்தும் ஒரு கணவனும் மனைவியும். பேச்சைத் தொடங்கியது மனைவி.

“நட்சத்திரத்துல ஆளுண்டான்னு பாக்க நம்ம கம்ப்யூட்டர்தான் கிடைச்சுதா?”

“எட்டீ, உலகம் முழுக்க ஆளுவ சும்மா கிடக்க கம்ப்யூட்டர, வானத்துலருந்து வர சிக்னல அலசுத அந்தக் கணக்குக்கு விட்டுக் குடுக்காவ. நீ மவுசத் தொட்டா அது நின்னுரும்.”

“எங்க நிக்குது? ஒரு எழுத்து அடிச்சா திரையில வர நேரமாவுது. சனியாழ்ச்ச சபை கன்வென்ஷன் புத்தகம் பிரஸ்ஸுக்குப் போணும். இன்னும் நாப்பது பக்கம் உண்டு.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“எப்பவும் ஓடட்டும்னு நான்தான் மாத்தி வச்சேன்.”

“எதுக்கு?”

“நீ எழும்பினாத்தானே அது சும்மா கிடக்கும்? சோறுகூட அதுக்க முன்னாடி இருந்தாக்கும் உண்ணுத. எட்டு நாளாச்சு, ஒரு கணக்கு முடியல்ல.”

“அப்போ பழையபடி மாத்தி வையுங்க. மத்தியானம் நீங்க சோறு பொங்கிட்டு விளியுங்க. நான் எழும்பி வந்து மெதுவா உண்ணுதேன். அதுவரைக்கும் அது நட்சத்திரத்தப் பாக்கட்டும்.”

என்னிடம் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பாறசாலை வந்தது. இறங்கும்போது அவர் மனைவியிடம் கேட்டார்:

“மீன்கறிக்குப் புளி எவ்வளவு போடணும்?”