ஏஞ்சலினுக்கு பர்மிஷன் இல்லை

உங்க போலீஸ் ஸ்டேஷன் பிரிண்டர் பேப்பரைக் கடிக்குது பாருங்க சார். அது ஒண்ணும் பெரிய பேஜாரு இல்ல, ரோலரை ஈரத்துணியால தொடைச்சா சரியாப்பூடும். நீங்க எழுதி முடிச்சதும் நானே பாத்துத் தரேன். கும்மிடிப்பூண்டி பெயிண்ட் கம்பெனியில இதான் என் பொழப்பு. யாரு பிரிண்ட் எடுக்கலாம், யாரு எடுக்கக்கூடாதுன்னு வெக்கிறது இந்த எபினேசர்தான்.

பெரிய அதிகாரம்லாம் இல்ல. என் கம்ப்யூட்டர்ல எல்லார் பேரும் இருக்கும், பக்கத்துல ஒரு டிக். அதை எடுத்துட்டா அவங்களுக்கு 'பர்மிஷன் இல்லை'ன்னு காட்டும்.

ஏஞ்சலின் சேஃப்டி செக்சன். பெயிண்ட் கலக்குற பெரிய மிக்ஸருக்குள்ள ஆள் எறங்கினா, அவன் போட்டோவோட சிவப்பு டேக் பிரிண்ட் எடுத்து சுவிட்ச்ல மாட்டுறது அவ வேலை. எங்க ஷாப்புல பாதிப்பேர் பீகார், ஒடிசா ஆளுங்க. தமிழ் படிக்க வராது, மூஞ்சி தெரியும். டேக் தொங்கினா ஒருத்தனும் சுவிட்சைத் தொடமாட்டான். கையால எழுதின சீட்டு செல்லாதுன்னு மேனேஜர் கறாரா சொல்லிட்டாரு.

எனக்கும் அவளுக்கும் பொன்னேரிதான். ஒரே சர்ச்சு, ஒரே ட்ரெயினு. எங்கம்மாகூட அவங்க ஊட்டுல போய்ப் பேசட்டான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. நான்தான் அவசரப்படல. அவ என்னை அண்ணான்னு கூப்புடுவா. ஆபீஸ்ல எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான், அதை நான் பெருசா எடுத்துக்கல. ஆனா ஃபிட்டர் ரகுவை வெறும் ரகுன்னுவா. நேத்து வந்தவன் அவன். இலவு காத்த கிளி நானு.

டேக் மாட்டினப்புறம்தான் உள்ள எறங்கணும், அதான் ரூலு. ரகு அப்படி செய்யமாட்டான். "நீ எடுத்துக்கினு வா, நான் எறங்குறேன்"னு போன்ல சொல்லிட்டு எறங்கிடுவான். அவ மேல அத்தினி நம்பிக்கை. அவளும் பேப்பரைத் தூக்கிக்கினு படியில ஓடுவா. சுவிட்ச்ல மாட்டிட்டு மிக்ஸர் வாயில குனிஞ்சி இன்னாவோ சொல்லுவா. என் மேஜையில தெரியுற ஷாப்பு சிசிடிவி கேமராவுல சத்தம் வராது. சிரிப்பு மட்டும் தெரியும். எனக்கு வயிறு எரியும் சார். மத்தியான சோறு எறங்காது.

அன்னிக்கும் கேமராவைத்தான் பாத்துக்கினு இருந்தேன். லஞ்சுக்கு மிஷினை நிறுத்தியிருந்தாங்க. ரகு எறங்கினான். நான் டிக்கை எடுத்தேன்.

உடனே போன் வந்துது. "எபி அண்ணா, பிரிண்ட் வரலண்ணா, பர்மிஷன் இல்லைன்னுது."

"லாக்-அவுட் பண்ணி மறுபடி உள்ள போம்மா."

போனா. வரல. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். பாஸ்வேர்டை மாத்தச் சொன்னேன். எல்லாம் நாங்க வழக்கமா சொல்றதுதான், தப்பா ஒண்ணும் சொல்லல. அப்ப அவ கேட்டா. "ரகு உள்ள இருக்கான்ணா. நான் கீழ ஓடிப்போய் சொல்லிட்டு வந்துரட்டா?"

"எழுந்துபோனா மொதல்லேர்ந்து பண்ணணும்மா. தோ வந்துரும், அங்கேயே குந்து"ன்னேன்.

குந்திக்கினா. என் பேச்சை அவ தட்டினதே இல்ல.

ஆப்பரேட்டர் பாக்கியராஜ் சோத்து டப்பாவைக் கழுவிக்கினு வந்தான். சுவிட்சைப் பாத்தான், டேக் இல்ல. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்தான் சார், அதை நீங்க எழுதிக்கணும். அவன் புள்ளகுட்டிக்காரன், அவனை ஊட்டுக்கு அனுப்பிடுங்க. கேமராவுல அவன் கை சுவிட்சுக்குப் போறது எனக்குத் தெரிஞ்சுது. என் மேஜையில ஷாப்புக்கு நேரா போன் இருக்குது. நான் எடுக்கல. அவன் போட்டப்புறம் டிக்கைத் திருப்பி வெச்சேன். "இப்ப எடுத்துப் பாரும்மா"ன்னேன். பேப்பர் வந்துது. அவ அதைத் தூக்கிக்கினு படியில ஓடினா.

ஆமா சார், தெரிஞ்சிதான் பண்ணேன். பொறாமைதான். வேற பேரு வெச்சி எழுத வேணாம்.

மறுநாள் ரகுவோட கண்ணீர் அஞ்சலி போஸ்டரை பிரிண்ட் எடுக்கணும்னு வந்தா. கலர் பிரிண்ட் மேனேஜருக்கு மட்டும்தான். யாரையும் கேக்காம நானே அவ பேருல தொறந்துவுட்டேன். மூஞ்சி கருப்படிக்காம நானே சரிபண்ணிக் குடுத்தேன். என் கையப் புடிச்சிக்கினு அழுதா. "நீங்க மட்டும் இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்"னா.

அவளுக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணல சார். வேணும்னா அவளையே கேளுங்க.