டாக்டரிடம் கேட்க வேண்டியவை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் ஸ்கேன் கவர். அந்த அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

"மூளையில கட்டி எனக்கு. கேக்க வேண்டியத நான் சொல்றேன், நீ எழுது. ஆப்பரேசன் அவரே பண்ணுவாரா, இல்ல படிக்கிற பசங்க கையில குடுத்துடுவாரா?"

"சரி."

"இதுவரைக்கும் எத்தினி பேருக்குப் பண்ணாரு? அதுல எத்தினி பேரு நல்லா பேசிக்கினு, நடந்துக்கினு இருக்காங்க?"

"டாக்டரைப் போயி இப்படியா கேப்பாங்க?"

"கேக்கணும். பண்ணாம வுட்டா என்னா ஆவும்னும் எழுது."

எழுதினார்.

"வேற என்னாங்க?"

"போன வாட்டி என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு உங்கிட்ட ரொம்ப நேரம் பேசினாரே, அது என்னான்னு கேக்கணும்."

"மாத்திரை எப்படிக் குடுக்கறதுன்னு சொன்னாருங்க. வேற ஒண்ணுமில்ல."

"மாத்திரை சாப்பிடறவன் நானு. அத என் எதிர்ல சொல்லக் கூடாதா? அதையும் எழுது."

விழுப்புரம் வரும்வரை பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார் அந்த அம்மா. எழுதவில்லை.